பன்னிரண்டாம் நாளே நிறுத்திவிட்ட மாத்திரை

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 33 வயது. சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. தினமும் ரயிலில் திருநெல்வேலிக்குப் போய் ஒரு வரி ஆலோசகர் ஆபீசில் ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிறேன். சின்ன வயதிலிருந்தே மறதி, அவசரம், எடுத்ததை முடிக்காமல் அடுத்ததற்குப் போவது. காலையில் சார் எதிரே இருப்பார், வேலை ஓடிவிடும். மூன்று மணிக்கு மேல் ஒரு பில்லைக் கையில் எடுத்தால் அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுவேன். 20ஆம் தேதி போட வேண்டிய ரிட்டர்னை இரண்டு கடைக்காரர்களுக்குப் போடாமல் விட்டு, நாளுக்கு 50 ரூபாய் வீதம் ஏறிய லேட் ஃபீயை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பாளையங்கோட்டையில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அம்மாவிடம் பேசி, பழைய ராங்க் கார்டுகளையும் வாங்கிப் பார்த்துவிட்டு, ஏடிஎச்டி, அதாவது கவனக் குறைபாட்டு நோய் என்று சொல்லி அட்டோமாக்செட்டின் 40 மி.கி. எழுதிக் கொடுத்தார். குமட்டல், வாய் வறட்சிதான் மிச்சம். பலன் ஒன்றும் இல்லை. 12 நாளில் நிறுத்திவிட்டேன். நியூஜெர்சியில் இருக்கும் அத்தான், "அட்ராலுக்கு ஈடு கிடையாது, வரும்போது கொண்டு வாரேன்" என்கிறார். சென்னையில் இருக்கும் சேக்காளி மெதில்பெனிடேட் சாப்பிடுகிறான். இங்கே மெடிக்கலில் கேட்டால், "அண்ணாச்சி, அது போதை லிஸ்ட்டுல உள்ளது, நாங்க வைக்கதில்ல" என்கிறார்கள். ஆடிட் சமயத்தில் ஒரு நண்பன் கொடுத்த மோடாஃபினிலைச் சில நாள் போட்டேன், வேலை ஓடியது.

அம்மா, "ஏல, கோட்டிக்காரன் தின்னுத மாத்திரைய நீ எதுக்குல தின்னுத?" என்று தினமும் சண்டை. எனக்குப் பெண் வேறு பார்க்கிறார்கள். எந்த மாத்திரை நல்லது? பழக்கமாகிவிடுமா? ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமா? மெடிக்கலில் ஒரு தடவை பார்த்தபோது பிபி 142/92 இருந்தது. அப்பா 46 வயதில் மாரடைப்பில் தவறிவிட்டார். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

பதில்:

தம்பி, கடைசி மூன்று வரியை நீங்கள் ஒப்புக்கு எழுதியது போல் இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பிபி 142/92. அப்பா 46 வயதில் மாரடைப்பு. இந்த இரண்டையும் எழுதிவிட்டு "மற்றபடி ஒன்றுமில்லை" என்றால் எப்படி?

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் முக்கிய மாத்திரை எல்லாமே நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்றும். அத்தான் சொல்லும் அட்ரால், சேக்காளி சாப்பிடும் மெதில்பெனிடேட், நீங்கள் நிறுத்திய அட்டோமாக்செட்டின் மூன்றுமே அப்படித்தான். பெரும்பாலானவர்களுக்கு அந்த ஏற்றம் சிறியது, கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொடக்கத்திலேயே 142 நிற்கிறவர், அதுவும் நெருங்கிய ரத்த உறவில் 55 வயதுக்குள் இதயநோயால் இறந்த ஆண் ஒருவர் இருக்கிறவர், அளந்து பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. ஸ்வீடனில் இந்த மருந்துகளைப் பல வருடம் சாப்பிட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், காலம் கூடக்கூட ரத்த அழுத்த நோய் வருவதும் கூடியிருந்தது. மருந்தே வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை, பிபி மெஷினை மறக்கக் கூடாது என்றுதான் அர்த்தம்.

மெடிக்கலில் ஒரே தடவை பார்த்த அளவை வைத்து உங்களுக்கு ரத்த அழுத்தம் என்று முத்திரை குத்த மாட்டேன். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பாருங்கள். காபி குடிக்கும் முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, கையை மேசைமேல் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை. எண்ணையும் நாடித்துடிப்பையும் ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். கூடவே ஒரு ஈசிஜி, சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைப்பா, அல்லது இதயத்தசையிலோ துடிப்பிலோ பிறவியிலேயே கோளாறு இருந்ததா என்று பழைய ஆஸ்பத்திரிக் காகிதம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் போங்கள். சந்தேகம் வந்தால் உங்கள் மருத்துவரே இதயநோய் மருத்துவரிடம் அனுப்பி எக்கோ பார்க்கச் சொல்வார். அழுத்தம் உண்மையிலேயே இருந்தால் முதலில் அதற்கு மருந்து, அது அடங்கியபிறகு இதற்கு. இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்தக் கதவும் உங்களுக்கு மூடப்பட்டதில்லை.

நோயைக் கண்டுபிடித்த விதத்தில் எனக்குக் குறை தெரியவில்லை. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தொல்லை தருகின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அம்மாவையும் ராங்க் கார்டையும் கேட்டிருக்கிறார். இணையத்தில் ஆறு கேள்விக்கு டிக் அடித்துவிட்டு "எனக்கும் ஏடிஎச்டி" என்று வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். அதில் பாதிப் பேருக்குத் தூக்கமின்மையோ மனச்சோர்வோ பதற்றமோதான் இருக்கும். உங்கள் கதை அப்படியில்லை.

இனி அந்தப் பன்னிரண்டு நாள்.

அட்டோமாக்செட்டினை 12 நாளில் நிறுத்திவிட்டுப் பலனில்லை என்று சொல்வது, கன்னடியன் கால்வாயில் இன்று ஷட்டரைத் திறந்துவிட்டு நாளைக்கே கடைமடை வயலில் போய்த் தண்ணீர் தேடுவது போலத்தான். இந்த மருந்து போட்ட அன்றே வேலை செய்யாது. மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் செல்லுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுப்பது அதன் வேலை. தடுப்பு முதல் நாளே நடந்துவிடும். ஆனால் அந்த மாற்றத்துக்கு மூளை பழகி, நீங்கள் ஒரு பில்லை எடுத்து முடித்துக் கீழே வைக்கிற அளவுக்கு வர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். சிலருக்கு முழுப் பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். போதாததற்கு, 40 மி.கி. என்பது தொடக்க அளவு. பெரியவர்களுக்கு வழக்கமாகப் போய்ச் சேர வேண்டிய அளவு 80, உச்சம் 100. ஆக, நீங்கள் சாப்பிட்டது பாதி மருந்து, அதுவும் கால்வாசிக் காலத்துக்கு. அதற்காக நீங்களே 80 ஆக்கிவிடாதீர்கள். அதை ஏற்றுவது பிபி தாளைப் பார்த்த பிறகு உங்கள் மருத்துவர் செய்ய வேண்டியது.

குமட்டல் எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருகிறவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: காலையில் வெறும் வயிற்றில் ஒரு காபியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடுவது. செங்கோட்டைப் பாசஞ்சரில் நின்றுகொண்டு வரும்போது வயிற்றைப் பிரட்டாமல் என்ன செய்யும்? நாலு இட்லி உள்ளே போனபிறகு போடுங்கள். அப்படியும் பிரட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றலாமா, குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். 10, 18, 25 மி.கி. எல்லாமே கடையில் உண்டு. இந்தக் குமட்டல் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். கேப்சூலைப் பிரித்துத் தூளைச் சோற்றில் கலக்கும் வேலை மட்டும் வேண்டாம், அந்தத் தூள் கண்ணில் பட்டால் எரிச்சல் எடுக்கும்.

சிலருடைய கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே மந்தமாக இருக்கும். மற்றவர்களுக்கு ஐந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைகிற மருந்து, அவர்களுக்குப் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். ஃப்ளூவாக்செட்டின், பராக்செட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதிதான். குறைந்த அளவிலேயே உங்களுக்குத் தாங்க முடியாத தொல்லை இருந்திருந்தால் இதையும் யோசிக்க வேண்டியிருக்கும். ஆஸ்துமாவுக்கு மாத்திரையோ ஸ்ப்ரேயோ எடுப்பவர்கள், சளிக்காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையைப் போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சேர்ந்தால் படபடப்பு கூடும். வேறு சில தொல்லைகளை இளைஞர்கள் கூச்சப்பட்டுச் சொல்வதில்லை. சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது தயக்கம், ஆண்களுக்கு விறைப்பில் குறைவு. கல்யாணம் பேசும் நேரத்தில் இது வந்து, காரணம் தெரியாமல் பயந்துபோய் வேறு எங்கெங்கோ சிகிச்சைக்குப் போனவர்கள் உண்டு. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ சரியாகிவிடும். கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, வலது பக்க மேல்வயிற்றில் வலி, செத்துப்போகலாம் என்ற நினைப்பு, நெஞ்சுவலி, மயக்கம், இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நினைப்பு நடு ராத்திரியில் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குத் தமிழிலேயே பேசலாம்.

சேக்காளியின் மெதில்பெனிடேட் வேறு ரகம். 1944இல் சுவிட்சர்லாந்தில் தயாரான பழைய மருந்து. டோபமின் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் நார்அட்ரினலினையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். போட்ட அரைமணி, முக்கால் மணியில் தெரியும். சாதாரண மாத்திரை என்றால் மூன்று நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை நிற்கும், அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. ஒன்பதரைக்குச் சாதாரண மாத்திரை போட்ட ஒருவர் பத்து மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணி வரை எழுந்திருக்காமல் வேலை பார்ப்பார். சாப்பாட்டு நேரம் வரும், பசி வராது. மருந்து இறங்கும்போது எரிச்சல் தலைதூக்கும், அந்த நேரத்தில் வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் சள்ளென்று விழுவார். அடுத்த வேளையை நாலு மணிக்கு மேல் போட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. இதெல்லாம் சமாளிக்கக் கூடியவைதான். காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடுவது, நேரத்தை மாற்றுவது, மாதம் ஒரு தடவை எடை பார்ப்பது போதும்.

மெடிக்கல்காரர் உங்களிடம் பொய் சொல்லவில்லை. மெதில்பெனிடேட் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இருக்கிறது, மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையிலும் இருக்கிறது. அதை விற்கக் கடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், மருந்துச்சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். இத்தனை தொல்லைக்கு விற்பனை எத்தனை? அதனால் சின்ன ஊர்க் கடைகள் வைப்பதில்லை. எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அதை எழுதுகிற மருத்துவருக்குத் தெரியும். அட்டோமாக்செட்டினுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. மருத்துவர் சீட்டு இருந்தால் சாதாரண மருந்துக்கடையிலேயே வாங்கலாம், இல்லாவிட்டால் சொல்லி வரவழைக்கலாம்.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது "எது பலமானது" என்று மட்டும் பார்க்கிறோம். மாதாமாதம் எது கைக்கு வரும் என்பதும் அதே அளவு முக்கியம். மறதிதான் நோயே. 28ஆம் தேதி மாத்திரை தீர்ந்துவிட்டது என்று 30ஆம் தேதி நினைவுக்கு வருகிற ஆளுக்கு, சீட்டு வாங்க ஒரு நாள், கடைக்கு ஒரு நாள் என்று அலைய வைக்கும் மருந்து பாதி மாதம் நின்று நின்றுதான் ஓடும். மெதில்பெனிடேட் எழுதினால் தீர ஒரு வாரம் இருக்கும்போதே போனில் அலாரம் வைக்கச் சொல்வது என் வழக்கம்.

அத்தானுடைய அட்ரால் ஆம்பெட்டமைன் உப்புகளின் கலவை. பலத்தில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறைக்கவில்லை. 2018இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வொன்று, அதுவரை நடந்த 133 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டது. பெரியவர்களுக்குக் குறுகிய காலத்தில் முன்னால் நின்றது ஆம்பெட்டமைன் வகைதான். ஆனால் அதே ஆய்வில் மெதில்பெனிடேட்டும் அட்டோமாக்செட்டினும் பெரியவர்களிடம் ஏறக்குறைய தோளோடு தோள் நின்றன. இந்த இரண்டாவது செய்தியை அத்தானுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு முதலில் ஆம்பெட்டமைன் வகையைச் சேர்ந்த லிஸ்டெக்சாம்ஃபெட்டமைன் அல்லது மெதில்பெனிடேட், அவை ஒத்துவராவிட்டால் அட்டோமாக்செட்டின் என்று வரிசை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ஆம்பெட்டமைன் வகை கடையில் கிடைக்காது. அத்தான் பெயருக்கு அமெரிக்க மருத்துவர் எழுதிய மாத்திரை உங்கள் சட்டைப்பையில் இருந்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது உரிமையில்லாமல் வைத்திருக்கும் போதைப்பொருள். பாசத்தில் கொண்டுவரும் மனிதர் ஏர்போர்ட்டிலேயே மாட்டிக்கொண்டு நிற்கவும் கூடும். அதைவிடப் பெரிய விஷயம், 142/92 பிபியோடு, ஈசிஜி எடுக்காமல், அளவு பார்க்க மருத்துவர் இல்லாமல் மூன்றிலும் வேகமானதை நீங்கள் விழுங்குவது. அக்காவிடம் சொல்லி இப்போதே தடுத்துவிடுங்கள். ஊருக்கு வரும்போது சாக்லேட் போதும்.

மோடாஃபினில் இந்த நோய்க்கான மருந்தே இல்லை. பகலில் அடக்க முடியாமல் தூங்கி விழும் நோய்க்கு உரியது. பெரியவர்களின் ஏடிஎச்டிக்குச் சோதித்துப் பார்த்தார்கள், வெற்று மாத்திரையைவிட மேலாக நிற்கவில்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் ஏடிஎச்டிக்கு அனுமதி கேட்டபோது, உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரக்கூடும் என்ற கவலையில் மறுக்கப்பட்டது. ஆடிட் சமயத்தில் உங்களுக்கு வேலை ஓடியது கவனத்தால் அல்ல, நீங்கள் தூங்காததால். நண்பன் கொடுத்த மிச்சம் இருந்தால் அவனிடமும் திருப்பித் தராதீர்கள்.

புப்ரோபியான் என்று ஒன்று உண்டு. மனச்சோர்வும் புகைப்பழக்கமும் சேர்ந்து இருப்பவர்களுக்குச் சில சமயம் நான் யோசிப்பது. வலிப்பு வந்தவர்களுக்கும், தினமும் குடித்துவிட்டுத் திடீரென நிறுத்துகிறவர்களுக்கும் ஆகாது. குளோனிடின் பிபியைக் குறைக்கும் மருந்துதானே, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்கலாமே என்று சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். பெரியவர்களின் கவனக் குறைபாட்டுக்கு அதற்கு ஆதாரம் போதாது. திடீரென்று விட்டால் அழுத்தம் எகிறும். மாத்திரையை மறக்கிறவர் கையில் கொடுக்கிற மருந்தா அது?

ஆக, உங்களுக்கு எது? உங்களை நேரில் பார்க்காமல் மருந்து எழுத முடியாது, அது உங்கள் மருத்துவருடைய இடம். ஆனால் கடிதத்தை வைத்து நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று சொல்லலாம். உங்கள் நாளில் கைவிட்டுப் போவது ஆபீஸ் நேரம் மட்டுமல்ல. மூன்று மணிக்கு மேலும் போகிறது, ராத்திரி அடுப்படியிலும் போகிறது. நாள் முழுக்க ஒரே சீராக நிற்கும் மருந்துக்கு அங்கே வேலை இருக்கிறது. வாங்குவதும் சுலபம். முறையாகச் சோதிக்கப்படாமலேயே அது தோற்றதாக எழுதப்பட்டுவிட்டது. ஆகவே பிபியும் ஈசிஜியும் சரியாக இருந்தால் அட்டோமாக்செட்டினையே மறுபடி, மெதுவாக ஏற்றி, சரியான அளவில் குறைந்தது எட்டு வாரமாவது பாருங்கள் என்பேன். அதற்குப் பிறகும் ரிட்டர்ன் தவறினால் மெதுவாகக் கரையும் மெதில்பெனிடேட்டுக்கு மாறுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. உங்களுக்குப் பதற்ற நோயோ, குடிப்பழக்கமோ, முன்பு எப்போதாவது சந்தேகம், காதில் குரல் என்று வந்ததோ இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கணக்கு அங்கே மாறும்.

எட்டு வாரத்தில் பலனை எப்படி அளப்பது? "நல்லா இருக்கு" என்பதெல்லாம் அளவு இல்லை. 11ஆம் தேதி ரிட்டர்னும் 20ஆம் தேதி ரிட்டர்னும் எத்தனை கடைக்குக் கெடுவுக்கு முன்னால் போனது, மூன்று மணிக்கு மேல் எத்தனை பில் பதிந்தீர்கள், பால் எத்தனை தடவை பொங்கியது. இந்த மூன்றையும் பிபி எழுதும் அதே தாளில் எழுதுங்கள். பால் கணக்கை அம்மா வைத்துக்கொள்ளட்டும்.

பழக்கமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டோமாக்செட்டினில் அந்தப் பேச்சே இல்லை, அதனால்தான் அது போதைப்பொருள் பட்டியலில் இல்லை. மெதில்பெனிடேட்டை எழுதிய அளவில் வாய்வழியாகச் சாப்பிடுகிறவர்கள் அடிமையாவது அரிது. பொடித்து உறிஞ்சுகிறவர்கள், பரீட்சைக்கு நண்பர்களுக்குப் பங்கு போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஆயுள் முழுக்கவா என்பதற்கு இப்போதே பதில் கிடையாது. வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து, இன்னும் தேவைதானா என்று பார்ப்போம். வேண்டுமானால் மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் நிறுத்தியும் பார்க்கலாம். சிலர் வேலையை, வாழ்க்கையைத் தங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டு மருந்தை விட்டிருக்கிறார்கள், சிலர் விட்ட மாதமே திரும்பி வந்திருக்கிறார்கள். மருந்து சாப்பிட்ட மாதங்களில் ஏடிஎச்டி உள்ள ஆண்களுக்குப் பெரிய சாலை விபத்துகள் குறைந்திருந்தன என்று ஸ்வீடனிலிருந்து இன்னொரு ஆய்வு 2014இல் வந்தது. ரயிலை விட்டுவிட்டு பைக்கில் திருநெல்வேலி வரும் நாட்கள் உங்களுக்கும் இருக்கும்.

அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், அடுத்த தடவை கூட்டிப் போங்கள். ராங்க் கார்டைத் தேடி எடுத்துக் கொடுத்தவரே அவர்தான், நோய் என்ன என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அப்பாவுக்கும் இதே மறதி, இதே அவசரம் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இது குடும்பத்தில் வலுவாக ஓடுகிற நோய். "அவாளும் இப்படித்தான்" என்று அம்மா வாயிலிருந்தே வந்துவிட்டால் "கோட்டி" பேச்சு பாதி அடங்கிவிடும். வல்லாரை கொடுத்தால் போதாதா என்று நிச்சயம் கேட்பார். பாளையங்கோட்டையில் 1964இலிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, கேட்காமல் இருப்பாரா? வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். சூரணம், லேகியம் என்று மருந்தாக எடுப்பதானால் இரண்டு மருத்துவருக்கும் தெரிய வேண்டும். கல்லீரல் வழியாகப் போகிற மருந்துகளை ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

பெண் பார்க்கும் விஷயம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் உங்கள் அனுமதியில்லாமல் யாரிடமும் சொல்லக் கூடாது, தரகரிடமோ பெண் வீட்டாரிடமோ. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. என் அபிப்பிராயம், பெரியவர்கள் நிரம்பிய முன்னறையில் அல்ல, பெண்ணிடம் தனியாகப் பேச வாய்ப்பு வரும்போது, நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "எனக்குக் கவனக் குறைபாடு இருக்கு, அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன், மறந்துபோவேன், எழுதி வச்சா செஞ்சிருவேன்" என்று சொன்னால் போதும். கல்யாணத்துக்குப் பிறகு அலமாரியில் மாத்திரை அட்டையை அந்தப் பெண் கண்டுபிடிப்பதில்தான் வினையே இருக்கிறது. எத்தனையோ வீட்டுப் பஞ்சாயத்து இந்த அட்டையில்தான் தொடங்கியிருக்கிறது.

ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மணி வரை போன் பார்க்கிற ஆளாக இருந்தால் மேலே சொன்ன எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. குறட்டை அதிகமிருந்தால் அதையும் சொல்லுங்கள், பிபிக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

இந்த மாதம் 20ஆம் தேதி ரிட்டர்ன் போட்டு முடித்த மறுநாளே அதே மருத்துவரிடம் போங்கள், புது டாக்டர் தேட வேண்டாம். செலவுதான் யோசனை என்றால் ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். ஒரு வாரத்து பிபி தாள், ஈசிஜி, அப்பாவின் காகிதம் மூன்றையும் கொண்டு போங்கள். பன்னிரண்டாம் நாள் நிறுத்தியதையும் மோடாஃபினில் போட்டதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார். எங்களிடம் வருகிறவர்களில் இப்படிச் செய்யாதவர்கள்தான் குறைவு.